பச்சைப் பூவும் சாவிக்கொத்தும்

பெரிய பூக்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நின்றபடியே பார்த்துவிடலாம். மண்ணோடு மண்ணாகப் பூக்கும் சின்னப் பூ இருக்கிறதே, அது ஆளைக் குப்புறப் படுக்கவைத்துவிடும்.

நான் கல்லூரியில் எஃப்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்; செடிகொடிப் பித்து வேறு. அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிது. பாபநாசம் கோயிலில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. முந்தின வரன், அவர்கள் வீட்டுக் கொல்லையில் நான் ஒரு செடியைப் பிடுங்கியதால் தட்டிப்போயிருந்தது. (களை என்று நினைத்தேன். அவர்கள் பூசைக்கு வளர்த்ததாம்.) ரயிலிலேயே அப்பா சொல்லிவிட்டார்: "ஏலே, இதுவும் போச்சுன்னா உனக்குப் பொண்ணு கிடையாது. அங்கன செடி கிடியைப் பாத்துக் குனிஞ்சியோ, காலை ஒடிச்சிருவேன்."

பெண் வீட்டார் வரத் தாமதமானது. கோயிலுக்குப் பின்னால், சாரலில் நனைந்த சரிவில், புல்லுக்குள் சாண் உயரத்தில் ஒரு பச்சைத் தண்டு. உச்சியில் அரிசி அரிசியாகப் பச்சைப் பூக்கள். தரையில் முளைக்கிற ஆர்க்கிட். எந்த வகை என்று சொல்ல, பூவின் பின்னால் நூல்போல் வால் தொங்குகிறதா என்று பார்க்கவேண்டும். படுத்தேன். மடியிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

மூச்சுக்காற்றில் பூ ஆடியது. மூச்சை அடக்கினேன். கீழே பேச்சுக்குரல்; வந்துவிட்டார்கள் போலிருந்தது. இன்னும் ஒரு நொடி. அப்போது பார்த்துக் கட்டெறும்புகள் வேட்டிக்குள் ஏறின. எழுந்தால் பூ ஆடும். பல்லைக் கடித்து, கால்களை மட்டும் உதறியபடி, "வால், வால்" என்று உதட்டை அசைத்துக்கொண்டு கிடந்தேன்.

"வலிப்புல்லா வே வந்திருக்கு!"

பெண்ணின் தகப்பனார். பக்கத்தில் வெளிறிய முகத்தோடு அப்பா. கொஞ்சம் தள்ளிப் பெண். தகப்பனார் இடுப்பிலிருந்த கடைச் சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்து, விரல்களை மடக்கி அமுக்கினார். (இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமாம்.)

"அண்ணாச்சி, அவனுக்கு அதெல்லாம் கிடையாது," என்றார் அப்பா.

"மறைச்சிட்டீரே வே. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. வா தாயி, போவோம்."

நான் பேச வாயைத் திறந்தேன். அடக்கிய மூச்சு 'ஹெக்' என்று வெளியே வந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பெண் நகரவில்லை. "அவுக காலப் பாருங்கப்பா. கட்டெறும்பு."

அவர் என் காலைப் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். வலது பாதத்துக்கு அடியில் என் பூ. சாவியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து என் தோளைத் தொட்டார். "எறும்புதான்னா சரி வே. அதுக்காகக் காலைப் புடிக்கணுமா? எந்திரும் மாப்பிள்ளை."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காலை எடுத்ததும், நான் அந்தக் குதிகாலில் ஒட்டியிருந்த பூவைப் பார்த்தேன். வால் இருந்தது.

அந்தப் பெண் இப்போது எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கிறாள். நான் செருப்பு மாட்டக் குனிந்தாலும், அதை எடுத்து என் கையில் வைத்துவிடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு உண்மை தெரிந்துகொண்ட மாமனார், நான் குனிகிறபோதெல்லாம் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார்.