மேலதிகக் கொடுப்பனவும் நூற்றிருபது ரோல்ஸும்

நொஷாட்டலில் அக்காவுடனும் முழங்கால் வலியுடனும் காலம் தள்ளும் அன்பின் அத்தானுக்கு, மைத்துனன் சந்திரகுமார் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம். அதில் என்னை மட்டும் கழித்துவிட்டு வாசிக்கவும். ரெலிபோனில் கதைத்தால் மகள் மதுஜாவின் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அவளுக்கு இங்கத்தைய மாவட்ட நீதிமன்றக் கந்தோரில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. நீதிமன்ற ஊழியர்கள் சூரிச்சுக்கு ஓடிவிடாமல் இருக்க, மாநிலம் கொடுக்கும் சம்பளத்துக்கு மேலே எங்கள் ஊர்ச்சபையும் ஒரு கொடுப்பனவு கொடுக்கலாமா என்று போன கிழமை ஊர்க்கூட்டம் வைத்துக் கையுயர்த்தச் சொன்னார்கள். தான் சம்பந்தப்பட்டவள் என்று மதுஜா வரவில்லை. சுவிஸ் குடியுரிமையும் சிவப்புப் பாஸ்போட்டும் எடுத்தபிறகு எனக்கு இதுதான் முதல் கூட்டம். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகலாமோ அத்தான்? நானும் மனைவி ஜெயகௌரியும் நூற்றிருபது மட்டன் ரோல்ஸ் பொரித்தோம். வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்து, என் மகளும் அங்கேதான் வேலை, மறக்காமல் கையைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார்கள். ஒரு கிழவர் கடித்த ரோல்ஸோடேயே தூக்க, எண்ணுகிற பெண் இதைச் சேர்ப்பதா விடுவதா என்று தலைவரைப் பார்த்தாள். தீர்மானம் நிறைவேறியது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் பதிவுத் தபால் வந்தது. சாப்பாடு கொடுத்து வாக்கு வாங்கியதாக யாரோ முறைப்பாடு, தீர்மானம் நிறுத்திவைப்பு, நான் திங்கட்கிழமை போய் விளக்கம் சொல்லவேண்டும். அப்பன் லஞ்சம் குடுத்தவன் எண்டா மகளைக் கோட்டில வைச்சிருப்பினமோ? எனக்குச் சோறு இறங்குதில்லை. ஏன் சாப்பிடேல்லை எண்டு பிள்ளை கேட்டா வாய்வு எண்டு சொல்லுறன். முறைப்பாடு குடுத்தது எங்கட கட்டடத்து இரண்டாம் மாடி மனுசிதான். மரக்கறி ரோல்ஸ் இல்லையோ எண்டு கேட்டுட்டு முகத்தைச் சுழிச்சவ. அதுதான் நேற்று அவ உடுப்புத் தோய்க்கிற முறையில வேணுமெண்டே நான் கட்டடத்துப் பொது மெஷினைப் போட்டிட்டன். நீங்கள் யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்தரிடம் வழக்கெழுதி வேலை பார்த்தவர். பிறந்தநாளில் மிஞ்சின ரோல்ஸ் என்று சொன்னால் தப்பலாமா, உடனே எழுதுங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலை அம்பாள் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
இனி எதற்கும் கை தூக்காத
சந்திரகுமார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மதுஜா வந்து முழுவதையும் வாசித்துவிட்டாள். இரண்டாம் மாடி மனுசி பாவம். முறைப்பாட்டில் கையெழுத்து மதுஜாவுடையதாம். கந்தோரில் எல்லோரும் ரோல்ஸைப் புகழ்ந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்ததாம். "நான் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கதிரையில இருக்கேலாதப்பா. சொல்ல வந்தனான், நீங்கள் சந்தோசமா இருந்தியள்" என்றாள். வேலையை நேற்று நிரந்தரமாக்கிவிட்டார்களாம். திங்கட்கிழமை சட்ட டொச்சு மொழி எனக்கு விளங்காது என்று பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கவும் அவளே வருகிறாள். ஆகவே பொய் ஒன்றும் தேவையில்லை அத்தான். அங்கே நான் அழாமல் இருக்க மட்டும் ஒரு வழி எழுதுங்கோ.