திபெத்து மணக்கும் தாடி

எண்பத்திரண்டாம் வருஷத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப்போவதாக ஜெயபாலன் கோயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அதுவரை கவுச்சியைக் கையால் தொடமாட்டாராம். மூன்றாம் நாளே ஜஹாங்கீர் கடையில் ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கரண்டியால் சாப்பிட்டார். அவர் வேலை பார்த்த மோட்டார் பட்டறைக்கு எதிரேதான் அந்தக் கடை. மனுஷன் என்னதான் செய்வார், பாவம்.

தின்றது செரித்துவிடும். வாசம்? விரதக்காரர் சவரம் செய்யக்கூடாது. வளர்ந்த தாடி மசாலாவை விடமாட்டேன் என்றது. குனோங் ராபாட்டில் இருந்த வீட்டிலோ மனைவி மங்களம். அடுத்த வீட்டில் கருவாடு கழுவினாலே என்ன மீன் என்று சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு. மாட்டிக்கொண்டால் அப்புறம் கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஜஹாங்கீர்தான் கைகொடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் அத்தர்களோடு புதுசாக ஒரு செண்டு வைத்திருந்தார். பெட்டியில் பனிமலைப் படம். அதன் கீழே சிவப்புப் போர்வை போர்த்தி, கண்மூடிய திபெத்துச் சாமியார். ஆளில்லாத மலையுச்சிக் காற்றும், தேவதாரு மரமும், மடத்துச் சாம்பிராணியும் கலந்த வாசமாம்.

"அடிச்சிக்கிங்கண்ணே. கறி என்ன, ஆடே உள்ள நின்னாலும் தெரியாதுலா," என்றார்.

ஜெயபாலன் தாடி நனைய அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாசலிலேயே மங்களம் மூக்கைச் சுருக்கினாள். என்ன வாசம் என்று கேட்டாள்.

பொய் தானாக வந்தது. மத்தியானம் பட்டறைக்குப் பின்னால் கண்மூடி உட்கார்ந்தாராம். பனிமலை தெரிந்ததாம். சிவப்புப் போர்வைச் சாமியார் ஒருவர் தலையில் கைவைத்தாராம். அதிலிருந்து உடம்பெல்லாம் இப்படி மணக்கிறதாம்.

மங்களம் கிட்டே வந்து தாடியை மோந்து பார்த்தாள். பிறகு சட்டென்று காலில் விழுந்தாள். கல்யாணத்தன்றுகூட அரைமனதாக விழுந்தவள். ஜெயபாலனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தினமும் கறி, தினமும் திபெத்து.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தால், வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் அவருக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வீட்டுக் கருப்பம்மாள் அவர் கையை மோந்து பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயபாலன் அசரவில்லை. எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டார். அந்த நேரம் பார்த்து மங்களம் தொண்டையைக் கனைத்தாள். அதே சாமியார் அவள் கனவிலும் வந்தாராம்.

"'பால்குடம் சின்னப் பிள்ளைங்களுக்கு. இவரு அலகுக் காவடி எடுக்கணும்'னு சொல்லிட்டாரு. கோயில்ல அலகு குத்துற சன்னாசி அண்ணன்கிட்ட கொக்கிக்குச் சொல்லிட்டேன்."

பெண்கள் கைகூப்பினார்கள். ஜெயபாலனோ ஊசி போடுகிற டாக்டரைக் கண்டாலே மயங்குகிற ஆள். முதுகு நிறையக் கொக்கி என்றால்? மானம் போனால் போகட்டும், தோல் தப்பட்டும் என்று மங்களத்தை அடுப்படிக்குள் இழுத்துப் போனார்.

"சாமியாரும் வரல, ஒண்ணும் வரல மங்களம். அது செண்டு. தினமும் ஜஹாங்கீர் கடையில கறி தின்னேன். எப்படியாச்சும் காவடிய நிறுத்திடு."

மங்களம் நிதானமாக ரசத்துக்குப் புளியைக் கரைத்தாள்.

"மொத நாளே தெரியும்லா. அதான் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். ஒங்க வாயாலயே ஒத்துக்கிட்டா, மூணு வருஷத்துக்குக் காவடி எடுப்பீங்கன்னு."