தேவையற்றது என்று நீக்கப்பட்ட தாய்மாமன்

செஞ்சி,
திங்கட்கிழமை.

தொண்டூரில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய மச்சான் எழிலரசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெயசுதாவின் கணவன் சேரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ஜெயசுதா, பாப்பா மூவரும் சுகம். அங்கு அக்காவும் பிள்ளைகளும் புதிதாகக் கன்று போட்ட மாடும் சுகமா? தாங்கள் போனில் என்னை பிளாக் செய்துவிட்டதால், தபாலில் வந்து காலில் விழுகிறேன்.

மச்சான், நம் ஊர்க்காரர்கள் சந்தேகம் கேட்க பிரசாந்த் நடத்தும் கேள்வி-பதில் இணையதளத்தில், தேவையற்ற குறிச்சொற்களை நீக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்! எனக்குக் கை கால் ஓடவில்லை. கேள்வி எதைப் பற்றியது என்று கீழே பஸ், ரேஷன், கரண்ட் என ஐந்து குறிச்சொல் வரை போடலாம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மல்லாட்டைச் செடியில் பூச்சி, கடலையெல்லாம் சொத்தை என்று கேட்டவர் ‘கோட்டை’ என்று போட்டிருந்தார், அப்போதுதான் நாலு பேர் பார்ப்பார்களாம். தூக்கினேன். போர்வெல் கேள்விக்கு ‘அமாவாசை’. அதையும் தூக்கினேன். ஒரே நாளில் நாற்பது! சந்தோஷத்தில் சோறுகூட இறங்கவில்லை.

அந்த வேகத்தில்தான், ‘வெள்ளிக்கிழமை காதுகுத்து, மேல்மலையனூர் போக வேன் கிடைக்குமா?’ என்று ஒரு கேள்வி. கீழே ஐந்தும் ஆள் பெயர்கள். யாரோ பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் போடுவதுபோலப் போட்டிருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே முதல் பெயரைத் தூக்கினேன். கேட்டது என் பெண்டாட்டி, தூக்கியது உங்கள் பெயர் என்று அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் அந்தப் பாழாய்ப்போன தளம், “எழிலரசன்: தேவையற்றது. நீக்கியவர்: சேரன்” என்று அதில் சேர்ந்திருக்கும் சொந்தபந்தம் அத்தனை பேர் போனுக்கும் அனுப்பிவிட்டது.

“இன்னா மாப்ள, நானு தேவையில்லாதவனா? தாய்மாமன் மடி வேணாம்னா வேன் சீட்டுலயே உக்கார வச்சிக் குத்திக்க!” என்று நீங்கள் கத்தியது இன்னும் காதில் இரைகிறது.

உங்கள் மடி இல்லாமல் பாப்பாவுக்கு எப்படி மச்சான் காது குத்துவது? ஆசாரிக்குச் சொல்லியாச்சு, பொங்கல் வைக்க அரிசி வந்தாச்சு, ஜெயசுதா ரெண்டு நாளா சோறு போடுறாளே தவிர பேச மாட்டேங்கிறா. எனக்கு அழுகையே வருது. உங்க பேர மறுபடி போட்டுட்டேன். பெரிய எழுத்துல போட வழியிருந்தா அப்படியே போட்டிருப்பேன். தப்பு என்னுதுதான். கோபத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், வேன் உங்கள் வாசலுக்கே வரும்.

அங்காளம்மன் உங்கள் கொல்லையில் மல்லாட்டையும் உங்கள் மனதில் இரக்கமும் நன்றாக விளையச் செய்யட்டும்.

இப்படிக்கு,
என்றும் தேவைப்படும் தங்கள் மாப்பிள்ளை,
சேரன்.

பி.கு.: உங்கள் பெயர் போன இடத்தில் சித்தப்பா பாண்டுரங்கன் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐந்துக்கு மேல் இடமில்லை. கோபித்துக்கொள்ளாத ஆளாகப் பார்த்து, கடைசியில் இருந்த நம்ம ஜெயசுதா பெயரைத் தூக்கித்தான் உங்களைச் சேர்த்தேன். அந்தச் செய்தியும் எல்லோருக்கும் போய்விட்டது. இக்கடிதத்துக்குத் தபால் தலை தேவைப்படவில்லை, அங்கே கிளம்பிவிட்ட அவளே துணிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறாள். பாப்பாவும் கூடவே வருகிறாள். வேனை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் மச்சான், அதில் எனக்கும் ஒரு சீட்டு தேவையா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.