மாமியார் பெயரைத் தேடிய காலை

தன் வேலையைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத புரோகிராமரை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த மேரி அக்கா, பிரெஞ்சு வழக்கப்படி குடும்பப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிப்பார். மற்றவர்கள் சின்ன எழுத்தில். (தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது.) ஒருவர் அடித்த பெயரை இன்னொருவர் தேடினால் கிடைக்காது. நான் சும்மா இருப்பேனா? தேடும்போது எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடும்படி ஒரு வரியை மாற்றினேன். என் லேப்டாப்பில் இருந்த இருபது பெயர்களில் தேடல் பறந்தது; அப்படியே லேப் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டேன். நான் காதலித்த குமரனிடம், "உங்கம்மாவை நாளைக்கே டெஸ்டுக்கு அனுப்பு. என் வேலையைப் பாத்தா கல்யாணத்துக்குச் சரின்னுடுவாங்க" என்றேன். (வாய் இருக்கிறதே!)

குமரனின் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். சர்க்கரை நோயாளி. எங்கள் கல்யாணப் பேச்சுக்கு அதுவரை பிடி கொடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்தார்; நானும் மேரி அக்கா பக்கத்தில் நின்றேன். பழைய பதிவைக் கண்டுபிடித்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். மேரி அக்கா பெயரை அடித்தார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

இண்டெக்ஸ் என்பது பெயர்களை அடித்தது அடித்தபடியே அடுக்கி வைத்த பட்டியல். நான் எழுத்தை மாற்றித் தேடச் சொன்னதும் அது உதவாமல் போனது. ஒவ்வொருவருக்கும், லேபுக்கு இதுவரை வந்த அத்தனை பேர் பெயரையும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது அந்தக் கிழட்டு கம்ப்யூட்டர். வரிசையில் காபி குடிக்காத முப்பது பேர் என்னை முறைத்தார்கள்.

"இன்னாம்மா, எம்பேரு கெடைக்கலியா?" என்றார் குமரனின் அம்மா.

"ஒரு நிமிஷம்மா, வந்துடும்."

"அப்போருந்து அதைத்தான் சொல்ற. தலை சுத்துது."

வெறும் வயிற்றில் காத்திருந்து அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்க்கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக டீ வாங்கிவந்து குடிக்கவைத்தேன். அதன்பிறகுதான் என் மூளை வேலை செய்தது. சின்ன எழுத்தாக்கிய பெயர்களுக்கே தனியாக ஓர் இண்டெக்ஸ் போட்டேன். தேடிய நொடியில் பெயர் வந்து நின்றது.

"கெடைச்சிடுச்சும்மா" என்றேன் பெருமையாக.

மேரி அக்கா டீ டம்ளரைப் பார்த்தார். "டீ குடிச்சாச்சில்ல? இனிமே நாளைக்குத்தான்."

குமரனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இந்த வேலை செஞ்சது யாரு?"

"நான்தாம்மா."

"டீ வாங்கியாந்தது?"

"அதுவும் நான்தாம்மா."

"டீ நல்லாருந்துச்சு" என்று எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே குமரனிடம் நாள் பார்க்கச் சொன்னாராம்.

இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் என்றால் எனக்கு உயிர். ஆனால், காலையில் இட்லித் தட்டு கொஞ்சம் தாமதமானால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்: "இன்னாடி, எம்பேரைத் தேடிக்கினு இருக்கியா?"