வைன் தொப்பியும் யாகப்பரின் தபசும்

கண்டி நகரம் முழுவதற்கும் தண்ணீர்க் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் யாகப்பர். ஆனால் தன் கிளாசில் மட்டும் ஒரு நாளும் தண்ணீர் கலந்ததில்லை. தண்ணீரின் அருமை தெரிந்தவன் அதை வீணாக்க மாட்டான் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட மனிதர் இந்த வருஷம் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஈஸ்டர் என்கிற பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் முடியும்வரை குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார். அவர் ஊரான அம்பிட்டியவில் யாரும் நம்பவில்லை. அவரே பாதிதான் நம்பினார்.

எல்லாம் ஒரு கதிரைக்காக. பாஸ்குவுக்கு முந்தின பெரிய வியாழனன்று கோயிலின் பங்குச் சுவாமி பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து அவர்களுடைய கால்களைக் கழுவுவார். இயேசு கால் கழுவிய பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஆளுக்கொருவர். அப்போஸ்தலர்களிலே பெரிய யாகப்பர், சின்ன யாகப்பர் என்று அந்தப் பெயருக்கு இரண்டு கதிரை. பங்கிலே யாகப்பர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். ஆனால் வருஷா வருஷம் இரண்டு கதிரையிலும் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். போன வருஷம் பெரிய யாகப்பர் பக்கத்து வீட்டு எஸ்ரன். கால் கழுவி வந்த பிறகு எஸ்ரன் ஒரு மாதம் வரைக்கும் அப்போஸ்தலர் நடைதான் நடந்தார். அதைப் பார்த்து யாகப்பருக்கு வயிறு எரிந்தது.

புதிதாக வந்த சுவாமி மன்னார்ப் பக்கத்து ஆள். மெதுவாகப் பேசுவார், ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டார். போன நத்தார்ப் பண்டிகைப் பூசையில் யாகப்பர் போதையோடு பாடகர் குழுவை முந்திக்கொண்டு வேறு மெட்டில் பாடியதை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். தபசுகாலத்தைச் சுத்தமாகக் கழித்தால் பெரிய யாகப்பர் கதிரை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்த நேர்த்தி. ஒரு சின்ன விஷயம். கோயிலுக்குள் நின்று 'சாராயம்' என்று சொல்ல அவருக்கு வாய் கூசியது. கௌரவமாக இருக்கட்டும் என்று, "ஆண்டவரே, பாஸ்கு வரைக்கும் நான் லிக்கர் தொட மாட்டேன்" என்றார். பக்கத்தில் முழங்காலில் நின்ற மனைவி டொரதி முக்காட்டுக்குள் லேசாகச் சிரித்தாள். பக்தியில் பூரித்துவிட்டாள் என்று யாகப்பர் நினைத்துக்கொண்டார். அவள் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபக்டரி டீமேக்கரின் மகள் என்பது அந்த நேரத்தில் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பொழுது சாயும்போதே தொண்டை கூப்பிடத் தொடங்கிவிட்டது. கூப்பிட்டால் போகாமல் இருக்கலாம். ஆனால் கெஞ்சினால் என்ன செய்வது? வீட்டுக்குள் ஒளித்து வைக்க வழியில்லை. அலுமாரி, அரிசி டின், மாதா சுரூபத்துக்குப் பின்பக்கம் என்று எல்லா இடமும் டொரதிக்கு அத்துப்படி. வெளியே குடித்தால் எஸ்ரன் மோப்பம் பிடித்துவிடுவார். அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தார். வைன் நிறத்தில் தொப்பி போட்ட ஒரு காளான். காட்டுக் காளான், ஆனால் தின்னலாம். மரச்சீவலைக் கொட்டி அதில் விதையைக் கலந்துவிட்டால் வீட்டுப் பின்பக்கமே வளருமாம். இருட்டு வேண்டும், ஈரம் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மாதம் எடுக்கலாமாம்.

யாகப்பருக்குப் பிடித்தது கடைசி விஷயம்தான். சிப்பிக் காளான் என்றால் ஊரெல்லாம் பையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள், மூன்று வாரத்தில் முளைத்து மானத்தை வாங்கிவிடும். இது பாஸ்கு முடியும்வரை முளைக்காது. முளைக்காத பயிரை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"காளான் வளக்கப் போறேன்," என்றார் டொரதியிடம்.

"என்ன காளான்?"

"வைன் தொப்பி."

"தபசுகாலத்தில வைனா?"

"தொப்பிதான் வைன் நெறம். மத்தபடி சைவம். கடுகண்ணாவைக்குப் போய் மரச்சீவல் எடுத்துட்டு வாறேன்."

"அவ்வளவு தூரம் போய்ச் சீவலா? இங்க வெத்திலைக் கடையிலயே இருக்கே."

"அது பாக்குச் சீவல். இது மரச்சீவல். ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"எனக்கு என்னதான் வெளங்கும்," என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். இந்த மாதிரி அவள் ஒத்துக்கொள்ளும்போதெல்லாம் யாகப்பர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் புத்தி வரவில்லை.

கடுகண்ணாவையில் மரம் அரியும் மில்லில் சாக்குச் சாக்காகச் சீவல் ஏற்றினார். பேராதனைப் பக்கத்தில் காளான் வளர்க்கும் ஒருவரிடம் விதை வாங்கினார். நடுவே, தன்னைத் தெரியாத ஊர் என்ற தைரியத்தில், ஒரு முழுப் போத்தல் சாராயமும் வாங்கினார். வழக்கமான சரக்கு அங்கே இல்லை. இதுவரை வாயில் வைத்திராத வேறொரு வகை. பஞ்சத்துக்கு எது கிடைத்தாலும் சரி.

வீட்டுக்குப் பின்னால், மதிலோரம், பலாமரத்து நிழலில் பாத்தி போட்டார். சீவலை நனைத்துப் பரப்பி, விதையைத் தூவி, மேலே இன்னும் சீவல் போட்டு, நட்ட நடுவில் போத்தலைப் புதைத்தார். புதைக்குமுன் மூடியைத் திருகி ஒரு தடவை மோந்து பார்த்தார். அன்றைக்கே குடிக்கப் பயமாக இருந்தது. நெற்றிச் சாம்பல் இன்னும் காயவில்லை போல ஒரு உணர்வு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு கை கழுவினார்.

டொரதிக்குச் சட்டதிட்டங்கள் சொல்லப்பட்டன. காளான் சத்தத்துக்குப் பயப்படும். ஆள் நடமாட்டம் ஆகாது. பொழுது சாயும்போது ஒரே ஒருவர், அதுவும் விதை போட்ட கைக்காரர், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காலையில் மட்டும் தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டாள். குனிந்து வாளி தூக்கும் வேலை மிச்சம் என்று யாகப்பர் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்.

மறுநாள் மாலை வாயில் ஒரு கராம்பைப் போட்டுக்கொண்டு, சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு மிடறு விழுங்கினார். தொண்டை பற்றி எரிந்தது. காது இரண்டும் சூடாகின. கடுகண்ணாவைச் சரக்கு கொஞ்சம் காரம்தான் என்று தீர்மானித்தார். ருசி பார்க்க எங்கே நேரம்? பயத்தில் குடிக்கிறவனுக்கு இறங்கினால் போதும்.

அதன் பிறகு மாலைகள் இனித்தன. இரண்டு மிடறு இறங்கியதும் பலாமரம் ஆடும். மூன்றாவது மிடறில் அவர் காளானில்லாத பாத்தியைப் பார்த்து, தான் வேலை பார்த்த மாநகரசபையில் தனக்கு நடந்த அநியாயங்களையெல்லாம் எடுத்துச் சொல்வார். சில நாள் பழைய மெட்டில் ஞானப்பாட்டும் வரும். காலையில் எழும்பினால் தலை விண் விண் என்று இடிக்கும். டொரதி ஒரு சொல் கேட்காமல் பால் விடாத கடும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றித் தருவாள். குடித்ததும் தலையிடி பறந்துவிடும். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நெஞ்சு நெகிழ்ந்துகூடப் போயிருக்கிறார்.

ஒன்று மட்டும்தான் விளங்கவில்லை. போத்தல் குறையவே இல்லை. எவ்வளவு குடித்தாலும் மறுநாள் கழுத்துவரை நிற்கும். முதலில் தன்னுடைய அடக்கத்தை மெச்சினார். பிறகு வேதாகமத்தில் ஏழை விதவையின் எண்ணெய்க் கலயம் வற்றாமல் இருந்தது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. நேர்ந்ததை மீறுகிறவனுக்கு ஆண்டவர் போத்தலை நிரப்பிக்கொண்டே இருக்கிறார் என்றால், அது இரக்கமா, கணக்குத் தீர்க்கிற வழியா? யோசித்துக்கொண்டே இன்னொரு மிடறு குடித்தார்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்தால் பின்பக்கத்தில் கூட்டம். எஸ்ரனின் மனைவி ஜெஸ்மின் கோயிலில் செபம் செய்யும் மரியாயின் சேனைப் பெண்களையெல்லாம் கூட்டி வந்திருந்தாள். காளான் முளைத்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல. சின்னப் பிள்ளையின் கைமுட்டியளவுக்குத் தடித்து, வைன் நிறத் தொப்பியோடு பாத்தி முழுக்க நின்றது. வளர்கிற வேகத்தில் நடுவிலிருந்த சீவலையெல்லாம் தள்ளிவிட்டு, போத்தலின் கழுத்தையும் தன்னோடு வெளியே தூக்கி வைத்திருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றார் யாகப்பர்.

"அக்கா, அது என்ன போத்தல்?" என்று கேட்டாள் ஜெஸ்மின்.

யாகப்பர் மனக்கணக்குப் போட்டார். கதிரை போனது, பெரிய யாகப்பரும் போனார், சின்ன யாகப்பரும் போனார்.

"அது காளானுக்கு ஊத்துற மருந்து," என்றாள் டொரதி நிதானமாக. "அவருதான் கலக்கி வச்சிருக்காரு. யாரும் தொடாதீங்க."

பெண்கள் மரியாதையோடு ஓரடி பின்வாங்கினார்கள். டொரதி வெகுளி என்று அவருக்குத் தெரியும், ஆனால் வெகுளித்தனம் இவ்வளவு உதவும் என்று அன்றுதான் தெரிந்தது. விதை கொடுத்தவர் வந்து பார்த்து, இது அதே காளான்தான், பயப்படாமல் சமைக்கலாம் என்று சொன்னார். டொரதி வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி, சேனைப் பெண்களுக்கும் ஒரு சட்டி கொடுத்து அனுப்பினாள். யாகப்பரின் புகழ் அம்பிட்டிய மேடெல்லாம் ஏறி இறங்கியது. புகழ் ஏற ஏற நெஞ்சு கனத்தது. குடித்தவன் என்று ஊர் ஏசினால் தாங்கிக்கொள்ளலாம். குடித்துவிட்டு, குடிக்காதவன் என்று கும்பிடு வாங்குவது தாங்க முடியாததாக இருந்தது.

பெரிய வியாழன் வந்தது. காலைக் கழுவக் கொடுக்கிற பன்னிரண்டு பேரும் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது சுவாமியின் உத்தரவு. யாகப்பர் சுவாமியை மறைக்கும் கிராதிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். போத்தல், சீவல், கராம்பு, வற்றாத அதிசயம் வரைக்கும். அந்தப் பக்கத்தில் சுவாமிக்கு ஒரு இருமல் வந்தது.

"ஓம், விளங்குது," என்றார் சுவாமி. "அபராதம் ஒண்டுதான். வீட்ட போய் மனுசிட்ட சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வந்து கதிரையில இருங்கோ."

நூறு செபமாலை சொல்லச் சொல்லியிருந்தாலும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். நரகத்துக்குப் போவதா, டொரதியிடம் போவதா என்று வழியெல்லாம் யோசித்தார். நரகம் தூரம், வீடு பக்கத்தில் இருந்தது.

டொரதி அவருடைய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"டொரதி, நான் தபசுகாலம் பூரா குடிச்சிட்டேன். அந்தப் போத்தல் மருந்து இல்ல."

"தெரியுமே," என்றாள். அயன் நிற்கவில்லை. "நான்தானே ஊத்தினேன்."

"என்னத்த ஊத்தின?"

"சாயத்தண்ணி. நீங்க பொதச்ச அன்னிக்கே அதைக் கொட்டிட்டு இதை ஊத்திட்டேன். தொண்டை எரியணுமேன்னு இஞ்சி, மிளகு, ரெண்டு கொச்சிக்கா. அப்புறம் தெனம் காலையில தண்ணி ஊத்தப் போறப்ப நெரப்பி வச்சிருவேன். நெறம் பாத்து ஊத்த எனக்குச் சொல்லித் தரணுமா? எங்கப்பா டீமேக்கர்."

யாகப்பர் கதிரையில் உட்கார்ந்தார். ஆடிய பலாமரம் கண் முன் வந்தது. பாத்தியைப் பார்த்துச் செய்த பிரசங்கமெல்லாம் வந்தது. தலையிடி வந்ததும், அதே சாயத்தண்ணியைக் குடித்து அது தெளிந்ததும் வந்தது.

"அப்ப அந்தச் சாராயம்?"

"பாத்தியில கொட்டினேன். அந்த மூலையிலதான் மொதல்ல முளைச்சிச்சு."

ஒரு முழுப் போத்தலுக்காக அவர் கொஞ்சம் துக்கப்பட்டது உண்மை. ஆனால் துக்கத்துக்கு அடியிலிருந்து பெரிய ஆனந்தம் ஒன்று பொங்கியது. குடிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டு போனது. நேர்த்தி முழுசாக இருக்கிறது, கதிரையும் இருக்கிறது, இனி எஸ்ரன் முகத்தை நேராகப் பார்க்கலாம்.

"அப்படின்னா நான் நேர்ந்ததை முறிக்கவே இல்லியே, டொரதி. ஆண்டவர்கிட்ட நான் சொன்னது லிக்கர் தொட மாட்டேன்னுதானே?"

டொரதி சட்டையை உதறி அவர் கையில் கொடுத்தாள்.

"அதுதான் தப்பாப் போச்சு. எங்கப்பா ஃபக்டரியில தேயிலைச் சாயத்துக்குத்தான் லிக்கர்ன்னு பேரு. சுவாமி காலை மட்டுந்தான் கழுவுவாரு, வாயை நீங்களே கழுவிக்கிட்டுப் போங்க."