காத்துக்கத்தி டொக்டர்

கண்டி டவுனிலேயே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஊர்ப்பட்ட வயிறுகளை வெட்டித் தள்ளிய ஆள் ஒருவர்தான். எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த காத்துக்கத்தி டொக்டர். பெயர் வைத்தது நான்தான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சத்திரசிகிச்சை படிக்க வந்தவர். லண்டனில் அண்ணன் வேலை செய்த கம்பனி கழித்துவிட்ட பழைய மெஷின் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கண்ணை மூடும் பெரிய கண்ணாடியைத் தலையில் மாட்டி, வயர் தொங்கும் இரண்டு பிடிகளைக் கையில் எடுத்தால், அவருக்கு முன்னால் ஒரு நோயாளி படுத்திருப்பாராம். நமக்குத் தெரிவதெல்லாம், ஒரு மனிதர் வெறும் காற்றைக் கீறிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, நோகாது" என்று கெஞ்சுவதுதான்.

கை தவறினால் மெஷின் பெட்டி நீளமாக அலறும். நோயாளி காலி. உடனே டொக்டர் கீழே இறங்கி வந்து தலைக்குக் குளிப்பார், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி. அதுவும் கண்டிக் குளிரில்!

"பெட்டிக்குள்ள செத்தவனுக்கு என்னா தம்பி தீட்டு?" என்று கேட்டேன்.

"என்ர கையாலதானே அண்ணை செத்தவர். குளிக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

என் மனைவி சரசு உருகிப்போனாள். மறுநாளே அவருக்குச் சுடுதண்ணி. கலியாணத்துக்கு முந்தியிருந்தே விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து முருகனைக் கும்பிடுகிறவன் நான். எனக்கு ஒரு செம்பு சுடுதண்ணி வைத்தவர் உண்டா? முறுகல் தோசை மேல்மாடிக்குப் போகும். கல்லில் ஒட்டிப் பிய்ந்தது எனக்கு. கோவிலில் குருக்கள்கூட என்னைத் தாண்டிப் போய் அவருக்குத்தான் மாலை போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. "முருகா, இவருக்கு ஒரு இடமாற்றத்தைக் குடு" என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது இடமாற்றம் இல்லை, பொலிஸ்.

சண்டைக் காலம், வீடு வீடாகச் சோதனை. சிங்களச் சார்ஜன்ட் ஒருவர் மாடியேறிப் பார்த்தால், யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் தலையிலும் கையிலும் வயரோடு நிற்கிறார்!

"இது என்ன? குண்டா?" என்று கேட்டவர், கீழே நின்ற ஜீப்பைக் கைகாட்டினார். அப்படி ஏறிப் போனவர்களில் திரும்பி வராதவர்களை எங்கள் தெரு அறியும். சரசு என் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம வீட்டுப் புள்ள சார். இது ஆபரேஷன் பழகுற மெஷின். நீங்களே மாட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். "அனே! வயிறு திறந்து இருக்கு!" என்று கையை உதறினார். பெட்டி அலறியது.

"ஆள் செத்தா?"

"ஓம் சேர்," என்றார் டொக்டர், மெய்யான துக்கத்தோடு. "எனக்கும் இண்டைக்குக் காலமை ஒருத்தர் செத்தவர்."

சார்ஜன்டின் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப என்ன செய்ய?"

"நான் எண்டால் குளிப்பன்."

சார்ஜன்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா சார், நம்ம வழக்கம் அதுதான்" என்றேன். முருகன் என்னை மன்னிக்க வேண்டும்.

சரசு ஓடிப்போய், டொக்டருக்கு வைத்திருந்த சுடுதண்ணியைக் கொண்டுவந்தாள். முன்பின் தெரியாத சார்ஜன்டுக்கும் சுடுதண்ணி! அவர் தலையில் நாலு சொட்டுத் தெளித்து, முகம், கை கால் கழுவி, தொப்பியை வாங்கிக்கொண்டார்.

"நல்லா பழகுங்க, டொக்டர் மாத்தயா. பாவம் அந்த ஆள்" என்று சிங்கள மரியாதையோடு சொல்லி இறங்கினார். ஜீப் டொக்டரை ஏற்றாமலே போனது.

பிறகு முருகன் என் பழைய வேண்டுதலை மறக்காமல் நிறைவேற்றி, டொக்டரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டான். இப்போது எனக்குக் குடலிறக்கம். இங்கேயே ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

"இங்க இல்லாத டொக்டரா? யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று சரசு திட்டுகிறாள்.

எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை தவறி நான் போய்விட்டால், அவர்களில் யார் எனக்காகத் தலைக்குக் குளிப்பார்கள்?