யாரு ஏத்துனது

என் செவுட்டு மாமாவுக்கு,

உன் ராஜாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் சங்கீதாவும் நலம். உன் நலத்தை யாரிடம் விசாரிப்பது என்று தெரியாததால் அந்த வரியை விட்டுவிட்டேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும்.

எழுத வந்தது அந்த லேப்டாப்பைப் பற்றி. சங்கீதா கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போனதில் நீ நாள் முழுக்கத் தெருக்கூத்து பார்ப்பாயே, அதுதான். சுரங்கத்தில் அந்த ராட்சச மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று உன் காது போனது, அதற்கு இந்த பிளாக் முழுக்கக் கூத்து கேட்க வேண்டியதாயிற்று. நான் பட்டனை அமுக்கிக் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன், உலை கொதிப்பதற்குள் சத்தம் ஏறிவிடும். "யாரு ஏத்துனது?" என்று அங்கிருந்தே கத்துவேன். நீ ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி, "நான் தொடவே இல்லடி" என்பாய். எத்தனை வருஷம் பொய்யன், புளுகன் என்று திட்டியிருப்பேன்.

உன் காரியத்தன்று உன் படத்துக்கு முன்னால் சங்கீதா அதில் நாதஸ்வரம் போட்டாள். அது முடிந்ததும் பாழாய்ப்போனது தானாகவே உன் கூத்துக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து உன் பங்காளி சாமிக்கண்ணு எழுந்து, "எங்க கொளஞ்சிநாதன் அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டான்" என்று ஆரம்பிக்க, கூத்துக் கோமாளி கட்டியக்காரன் "டேய், எவன்டா அவன்?" என்று கூவினான். சங்கீதா ஓடிப்போய் மியூட் பட்டனை அமுக்கினாள். சாமிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே சத்தம் திறந்துகொண்டது, "டேய், இன்னுமாடா பேசிகினு இருக்க?" என்றான் கட்டியக்காரன். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். பாவம், அழுகிறாள் என்று எல்லோரும் முதுகைத் தடவினார்கள்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது, நீ வந்திருக்கிறாய் என்று. அதற்கப்புறம் தினமும் போட்டு, குறைத்துவிட்டு உள்ளே போவேன். தானாக ஏறும். "யாரு ஏத்துனது?" என்பேன். மனசுக்கு ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிரபாவதிதான் வந்து, "அக்கா, எம் பொண்ணு தேவயானிக்குப் பரீட்ச வருது. சத்தத்தக் கொஞ்சம் கொறச்சி வச்சிக்கங்க" என்றாள். "நானா ஏத்துறேன்? உங்க அண்ணந்தான் ஏத்துறாரு" என்றேன். அவள் போய்த் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசிவிட்டு, சங்கீதாவுக்கு போன் போட்டுவிட்டாள். "வடலூர்ல மணிமாறன் கடையில குடுத்துப் பாரும்மா, பட்டன் கெட்டிருக்கும்" என்று சங்கீதா போனில் ஒரே பிடிவாதம்.

பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மணிமாறன் அதைப் பார்த்ததுமே சிரித்தான்.

"பட்டன் நல்லாதாங்க இருக்குது. பட்டன் சேதி சொல்லும், உள்ள சவுண்ட பாத்துக்கிற சாஃப்ட்வேருதான் ஏத்தும், கொறைக்கும். அண்ணன் அதுலதான் ஒரு வேல செய்யச் சொன்னாருங்க."

"எந்த அண்ணன்?"

"உங்க வூட்டுக்காரருதான். 'எம் பொண்டாட்டி கொறச்சிகினே இருக்கா. கொறச்சாலும் கொஞ்ச நேரத்துல அதுவா ஏறிக்கிறாப்ல செஞ்சிவுடு. மியூட் அமுக்குனாலும் தொறந்துக்கணும்'னாருங்க. செஞ்சிக் குடுத்துட்டேன்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், மாமா. நீ வரவில்லை. வந்தது மணிமாறன் செய்த வேலை. ஆனால் நீ பொய்யும் சொல்லவில்லை. நீ அதைத் தொடவே இல்லை.

"எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டான். வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. தேவயானி ஞாபகம் வந்தது. நம்ம சங்கீதா படிக்கும்போது நீ டேப்பில் போட்ட கூத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. எடுத்துடு என்றேன்.

இப்போது பட்டன் சொன்ன பேச்சு கேட்கிறது. குறைத்தால் குறைந்தே கிடக்கிறது, மியூட் போட்டால் வாயே திறப்பதில்லை. தேவயானி படிக்கிறாள். பிரபாவதி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது, எனக்கும் மனசு தெளிந்துவிட்டது, நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. போன இடத்திலாவது உனக்குக் காது நன்றாகக் கேட்கட்டும். நான் திட்டியதெல்லாம் அங்கே கேட்காமல் இருக்கட்டும்.

உன் காலைத் தொட்டுக் கும்பிடும்,
ராஜாம்பாள்

பி.கு: பரீட்சை நேற்றோடு முடிந்தது. இன்றைக்குக் காலையில் கூத்தைப் போட்டு, குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். உலை கொதித்தது, சோறு வெந்தது, கஞ்சியும் வடித்தாயிற்று. சத்தம் ஏறவே இல்லை. நானே வந்து முழுசாக ஏத்தி வைத்துவிட்டு, திரும்ப அடுப்படிக்கு ஓடினேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி அங்கிருந்தே கத்தினேன். இப்பவும் கேட்கிறேன், சொல்லு மாமா, யாரு ஏத்துனது?